ஈ.எப்.ஐ எஞ்சினைக் காபரேட்டருக்கு மாற்றுதல்: எதற்குப் பிறகு எது

ஈ.எப்.ஐ என்றால் ஒரு கொம்பியூட்டர் அளவு பார்த்து இஞ்செக்டரால் பெற்றோலைத் தெளிக்கும் முறை. காபரேட்டர் கொம்பியூட்டர் இல்லாமல், எஞ்சின் இழுக்கும் காற்றோடு பெற்றோலைக் கலந்துவிடுவது. காபரேட்டரைப் பூட்டுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். நாலு நட்டு, ஒரு கேபிள், ஏழெட்டு ஹோஸ். கார்கள் அரைகுறையாக நிற்பது அதனால் அல்ல. கொம்பியூட்டர் பொக்ஸைக் கழற்றியதும், அது இதுவரை சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்ற வேலைகளுக்கு ஆள் இல்லாமல் போகிறது. பிளக்கில் எப்போது நெருப்பு விழ வேண்டும், பம்ப் எப்போது நிற்க வேண்டும், ஏ.சி. போட்டால் ஐடில் (மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) எவ்வளவு ஏற வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பில் இருந்தவை. அவற்றை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்காமல் ஸ்பானரைத் தூக்கியவர்களின் கார்கள்தான் வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கராஜ்களின் பின்பக்கத்தில் தூசு படிந்து நிற்கின்றன.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஒழுங்குதான் முக்கியம். முதலில் நெருப்பு, அடுத்து பெற்றோல், கடைசியில் காபரேட்டர். 1.3 முதல் 1.6 லீற்றர் வரையான பழைய ஜப்பான் நாலு சிலிண்டர் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணம் வேண்டிய இடத்தில் 5ஏ-எப்ஈ எஞ்சின் உள்ள கொரோலா 110 ஐ எடுத்துக்கொள்கிறேன்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்பில் இந்த யோசனை பெரும்பாலும் மார்கழி மழை முடிந்த பிறகு வரும். காருக்குள் வெள்ளம் ஏறி, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பொக்ஸ் நனைந்திருக்கும். கரையோரத்தில் மழைகூடத் தேவையில்லை. உப்புக் காற்றில் எர்த் வயர்களின் முனை பச்சை பூத்துவிடும். இரண்டுக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டார்ட் ஆகும், நிற்கும், கறுப்புப் புகை தள்ளும், பிறகு ஒரு நாள் ஸ்டார்ட்டே ஆகாது. ஆனால் முதலாவதற்குப் புதுப் பொக்ஸ் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு துண்டு சாண்ட் பேப்பர் போதும்.

ஆகவே எர்த் முனைகள் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள். அப்புறம் கோட் பாருங்கள், அதாவது பொக்ஸ் பதிந்து வைத்திருக்கும் பிழை எண். பழைய டொயோட்டாவில் இதற்கு ஸ்கேனர் தேவையில்லை. பொனற்றுக்குக் கீழே உள்ள டயக்னொஸ்டிக் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் சின்ன வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒன் செய்யுங்கள். செக் எஞ்சின் லைட் விடாமல் ஒரே சீராக மின்னினால் கோட் எதுவும் இல்லை. இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மறுபடி இரண்டு முறை மின்னினால் அது 22, தண்ணீர் சூட்டு சென்சர். 31 என்றால் வாக்குவம் சென்சர், 41 என்றால் திரொட்டில் சென்சர். இவற்றில் ஒன்று மட்டும் வந்தால் சென்சரை மாற்றுங்கள், வேலை முடிந்தது. லைட் சாவியை ஒன் செய்யும்போதே எரியாமல் இருந்தால், பல்பும் பியூஸும் சரியாக இருந்தால், அப்போதுதான் பொக்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

“காபரேட்டர் போட்டால் பெற்றோல் மிச்சம்தானே தம்பி?” என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். இல்லை அண்ணன், கூடத்தான் குடிக்கும். பொக்ஸ் செத்து, மாற்றுப் பொக்ஸ் கிடைக்காமல், அல்லது வயர் கட்டே எரிந்துபோய், காரை விற்கவும் மனமில்லாதவருக்கான வேலை இது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில் அப்படியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2. எந்த எஞ்சின் ஒத்துவரும்

இரண்டு கேள்விகள். நெருப்பை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதா? அதே குடும்பத்தில் காபரேட்டர் எஞ்சின் ஒன்று வந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் தொடருங்கள். 5ஏ-எப்ஈ க்கு 5ஏ-எப் இருக்கிறது, 4ஏ-எப்ஈ க்கு 4ஏ-எப் இருக்கிறது. மிட்சுபிஷி 4ஜி13, 4ஜி15 எஞ்சின்களும் இரண்டு விதமாகவும் வந்தவை. நிசான் ஜி.ஏ.15 இல் கவனம் வேண்டும். அதன் காபரேட்டர் வகையான ஜி.ஏ.15டி.எஸ் இல் காபரேட்டரே எலக்ட்ரோனிக் கட்டுப்பாட்டில் ஓடுவது. அதை எடுத்துப் பூட்டினால் ஒரு கொம்பியூட்டரிடமிருந்து தப்பி இன்னொன்றிடம் மாட்டுவீர்கள்.

வால்வு திறக்கும் நேரத்தைப் பொக்ஸே மாற்றும் வி.வி.டி.ஐ எஞ்சின்களைத் தொடவே வேண்டாம். 1என்.இசட்-எப்ஈ போன்றவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பிளக்குக்கு ஒன்றாகக் கொயில், கேம் டைமிங்கும் பொக்ஸின் கையில். கியர் மாற்றுவதைக் கொம்பியூட்டர் தீர்மானிக்கும் ஓட்டோ கார்களும் அப்படியே; பொக்ஸைக் கழற்றினால் கியரும் போய்விடும். திரொட்டில் கேபிளோடு இன்னொரு கேபிள் கியர்பொக்ஸுக்கு இறங்கும் பழைய ஓட்டோ என்றால் செய்யலாம். ஆனால் அந்தக் கேபிள் காபரேட்டரோடும் சரியான அளவில் இழுபட வேண்டும். தளர்வாக விட்டால் கியர் நேரத்துக்கு முன்பே ஏறி, கிளச் தட்டுகள் வழுக்கி, கியர்பொக்ஸ் கருகும்.

3. எல்லாச் சாமானும் கைக்கு வந்த பிறகே கழற்றுங்கள்

ஊர்க் கடைகளில் துண்டு துண்டாகத் தேடுவதைவிட ஒரு தடவை கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரே எஞ்சினிலிருந்து கழற்றிய செட்டாக வாங்குவது நல்லது. இன்டேக் மேனிபோல்ட் (காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்), காபரேட்டர், அதற்குக் கீழே வரும் தடித்த இன்சுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குரிய இக்னைட்டரும் (கொயிலின் கரன்ட்டை விட்டு அறுப்பது) கொயிலும் (பிளக்குக்கு உயர்ந்த வோல்ட் கொடுப்பது), எயார் கிளீனர் பெட்டி, திரொட்டில் கேபிளும் அது பிடிக்கும் பிராக்கெட்டும். இந்தப் பிராக்கெட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கேபிள் கோணலாக இழுபட்டால் அக்ஸிலரேட்டர் ஒட்டிக்கொள்ளும், ஓடும் காரில் அது விளையாட்டு அல்ல.

கடைக்காரர் “எல்லாம் பூட்டும்” என்பார். எஞ்சின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் போர்ட்டின் வடிவமும் போல்ட் துளையும் மாறக்கூடும். ஆகவே போகும்போது உங்கள் எஞ்சினுக்கான புது இன்டேக் கஸ்கட் ஒன்றை வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். மேனிபோல்ட்டின் முகத்தில் வைத்துப் பாருங்கள். துளைகள் எல்லாம் நேராக வந்து, போர்ட்டின் ஓரம் கஸ்கட்டுக்குள் முழுதாக அடங்கினால் மட்டும் காசு கொடுங்கள்.

காபரேட்டரைத் தெரிவு செய்யும்போது வெளித்தோற்றத்தைப் பார்க்காதீர்கள். திரொட்டில் ஷாப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் அந்த இடைவெளியால் காற்று இழுத்து ஐடில் ஒரு நாளும் நிலைக்காது. மூடியைத் திறந்தால் பெற்றோல் தேங்கும் புளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும் சில உருப்படிகள் கிடைக்கும். கரையோரத்தில் நெடுநாள் சும்மா கிடந்தவை அவை. கழுவினாலும் உள் வழிகள் திறக்கா, விட்டுவிடுங்கள்.

இவற்றோடு ரிபெயார் கிட், பெற்றோல் ஹோஸ், கிளிப், பில்டர், குறைந்த அழுத்தப் பெற்றோல் பம்ப், அதற்கான ரிலே. கருவியில் டைமிங் லைட், வாக்குவம் கேஜ், கொம்பிரஷன் கேஜ், மல்டிமீற்றர். தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

4. எஞ்சினின் உடம்பை அளந்துகொள்ளுங்கள்

கழற்றுவதற்கு முன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பாருங்கள். இந்த வகை எஞ்சினில் ஒரு சிலிண்டராவது 10 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போனாலோ, ஒன்றுக்கொன்று 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, முதலில் வால்வையும் ரிங்கையும் பாருங்கள். களைத்துப்போன எஞ்சினில் காபரேட்டர் டியூன் ஆகாது. நாலு நாள் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள், பழி காபரேட்டரில் விழும்.

5. அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்

ஈ.எப்.ஐ லைனில் 2.5 முதல் 3 பார் வரை அழுத்தம் நிற்கும். எஞ்சின் நின்ற பிறகும் அது உடனே இறங்காது. எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் பம்ப் பியூஸை இழுத்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஓடாத எஞ்சின் என்றால் பில்டர் போல்ட்டைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். எதுவானாலும் லைனைத் திறப்பதற்கு முன் பற்றரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும்.

ரேடியேட்டர் தண்ணீரையும் இறக்குங்கள். மேனிபோல்ட்டுக்குள் தண்ணீர் வழி இருக்கிறது. இறக்காமல் கழற்றினால் அந்தத் தண்ணீர் போர்ட் வழியாகச் சிலிண்டருக்குள் போகும்.

வயர் கட்டை வெட்டாதீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் கட்டரைத் தூக்கும் இடம் இதுதான். இஞ்செக்டர் வயரோடு சேர்ந்தே தண்ணீர் சூட்டுக் கேஜ், ஒயில் லைட், சார்ஜ் லைட், சில கார்களில் ரேடியேட்டர் பேன் வயரும் போகிறது. வெட்டிய பிறகு எது எதுவென்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போகும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி, டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, பிளாஸ்டிக் பையால் மூடிச் சுருட்டி ஓரத்தில் கட்டிவிடுங்கள்.

பேனை இயக்குவது தண்ணீர் சூட்டு சுவிட்சா, பொக்ஸா என்று இப்போதே பாருங்கள். பொக்ஸ் என்றால் தனிச் சுவிட்சும் ரிலேயும் போடாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

6. டிஸ்ட்ரிபியூட்டர்: வேலையின் பாதி இங்கேதான்

ஈ.எப்.ஐ டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தானாக டைமிங்கை, அதாவது பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தை, முன்தள்ளத் தெரியாது. எஞ்சின் எங்கே நிற்கிறது என்று பொக்ஸுக்குச் சொல்வதும், பொக்ஸ் அனுப்பும் நெருப்பைப் பங்கிடுவதும்தான் அதன் வேலை. காபரேட்டர் எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்று கூடும்போது விரியும் எடைகள் இருக்கும், பக்கத்தில் வாக்குவத்தால் இழுபடும் வட்டமான டயபிராம் இருக்கும். டைமிங்கை இனி இந்த இரண்டும்தான் பார்க்கப் போகின்றன.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் காபரேட்டரை மட்டும் பூட்டியவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். பொக்ஸ் செத்திருந்தால் நெருப்பே வராது. பொக்ஸில் கொஞ்சம் உயிர் இருந்தால் சென்சர்கள் இல்லாத குழப்பத்தில் ஒரே டைமிங்கில் நின்றுகொள்ளும். கார் ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் நன்றாக இருக்கும், மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டாது. உடனே பெரிய ஜெட் (காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடும் சின்னத் துளை) வாங்க ஓடுவார்கள்.

பூட்டும் முறை இது. முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்துக்கொண்டு, கிராங்க் புலியை ஸ்பானரால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும்போது வருவதுதான் கொம்பிரஷன் சுற்று. புலியில் உள்ள கோட்டை, பொனற்றுக்குக் கீழே ஒட்டிய ஸ்டிக்கர் சொல்லும் பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கர் உங்கள் ஈ.எப்.ஐ எஞ்சினுக்கானது, டிஸ்ட்ரிபியூட்டர் வந்த காபரேட்டர் எஞ்சினின் அளவு தெரிந்தால் அதையே பிடியுங்கள். இப்போது புது டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் ரோட்டர் முதலாம் வயரின் முனையைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ரோட்டர் சுழலும் திசையில் 1, 3, 4, 2 என்று வயர்களைப் போடுங்கள். விரலால் பார்க்காமல் புலிக் கோட்டை மட்டும் நம்பினால் பாதித் தடவை ஒரு முழுச் சுற்று தள்ளிப் போகும். அப்போது நெருப்பு காபரேட்டர் வழியாக மேலே வெடிக்கும்.

இக்னைட்டரையும் கொயிலையும் அந்த டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்ததையே போடுங்கள். பழைய ஈ.எப்.ஐ இக்னைட்டர் பொக்ஸின் கட்டளைக்குக் காத்திருப்பது, இனி அது பேசாது. புது இக்னைட்டருக்கு, சாவி ஒன் ஆகும்போதும் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 12 வோல்ட் வர வேண்டும். இரண்டு நிலையிலும் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். சில வயர்களில் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் கரன்ட் அறுந்துவிடும்.

இங்கே நிறுத்துங்கள். பற்றரியைப் பூட்டி, நாலு பிளக்கையும் வெளியே எடுத்து எஞ்சின் உடம்போடு ஒட்டி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நாலிலும் நீலமாகத் தெறிக்க வேண்டும். பெற்றோல் ஈரம் எங்கும் இல்லாத இந்த நேரத்தில்தான் இதைப் பாதுகாப்பாகச் செய்யலாம். இந்தச் சோதனைக்காகவே நெருப்பை முதலில் முடிக்கச் சொல்கிறேன். பார்த்து முடிந்ததும் பற்றரியைத் திரும்பவும் கழற்றிவிடுங்கள்.

7. மேனிபோல்ட்

ஈ.எப்.ஐ மேனிபோல்ட்டின் வாயில் தகடு வைத்து, அதன் மேல் காபரேட்டரை உட்கார வைக்கும் கைவேலைகளைப் பார்த்திருக்கிறேன். ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. அந்த மேனிபோல்ட் காற்று மட்டும் போவதற்காகச் செய்தது. பெற்றோல் சிலிண்டர் வாசலில்தான் தெளிக்கப்பட்டது. காபரேட்டரில் பெற்றோல் தொடக்கத்திலேயே கலந்து முழு நீளமும் பயணிக்க வேண்டும். நீண்ட குளிர்ந்த குழாயில் அது துளியாகித் தேங்கி, ஒரு சிலிண்டருக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவுமாகப் போகும். காபரேட்டர் மேனிபோல்ட்டில் அடியில் சுடுதண்ணீர் ஓடுவது அந்தத் துளிகளை ஆவியாக்கத்தான். எங்கள் ஊர் வெக்கைக்கு அது எதற்கு என்று அந்தத் தண்ணீர் வழியை அடைத்துவிடாதீர்கள்.

சில எஞ்சின்களில் இஞ்செக்டர் மேனிபோல்ட்டில் அல்ல, ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தத் துளைகளுக்கு ஓ-ரிங் போட்ட அலுமினிய அடைப்பு கடைந்து, மேலே தகட்டால் இறுக்கி அடைக்க வேண்டும். லேத் வேலைக்காரரிடம் பழைய இஞ்செக்டர் ஒன்றையே மாதிரியாகக் கொடுங்கள்.

முகங்களைச் சுத்தமாகச் சுரண்டி, புதுக் கஸ்கட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். சிலிக்கன் பூசாதீர்கள். பெற்றோல் பட்டால் அது ஊறிப் பிய்ந்து, ஓடும் வழியில் பெற்றோலோடு சேர்ந்துகொள்ளும். காபரேட்டரின் அடியிலோ மூடியிலோ பூசினால் அந்தத் துணுக்கு போய் நிற்கும் இடம் ஜெட்.

8. பெற்றோல் லைனும் பம்பும்

கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கும் காபரேட்டரின் நீடில் வால்வு 0.2 முதல் 0.3 பார் வரையான அழுத்தத்துக்குச் செய்தது, அதாவது 3 முதல் 4 பி.எஸ்.ஐ. ஈ.எப்.ஐ பம்ப் அதைப்போல் பத்து மடங்கு தள்ளும். அந்தப் பம்பையே வைத்துக்கொண்டு நடுவில் மலிவான ரெகுலேட்டர் போடுவது இந்த வேலையில் நடக்கும் மிக ஆபத்தான குறுக்குவழி. ரெகுலேட்டர் கொஞ்சம் கசிந்தாலும் நீடில் தூக்கப்பட்டு, கிண்ணம் நிரம்பி, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் வழியும். பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் தெறித்துக்கொண்டிருக்கும்.

மெக்கானிக்கல் பம்ப் பூட்ட வழி இருந்தால் அதுவே மேல். ஹெட்டில் இரண்டு போல்ட்டால் மூடிய தகடு ஒன்று இருந்து, அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கேம் ஷாப்டில் பம்பைத் தள்ளும் மேடும் இருக்க வேண்டும். தகடு இருந்து மேடு இல்லாமலும் போகலாம், ஆகவே கழற்றிப் பாருங்கள். மெக்கானிக்கல் பம்பின் பெரிய நன்மை எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடுவது.

வழி இல்லையென்றால் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப். அதை டாங்கிக்குப் பக்கத்தில், டாங்கியின் அடிமட்ட உயரத்தில் பூட்டுங்கள். இந்தப் பம்ப்கள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் மோசம். பொனற்றுக்குள் பூட்டினால் சூட்டில் ஆவியை இழுத்துக்கொண்டு வெறுமனே சத்தம் போடும். டாங்கிக்குள் இருக்கும் பழைய பம்பைக் கழற்றி, அதே பிராக்கெட்டில் வலை வைத்த ஒரு குழாயைப் பொருத்துங்கள். செத்த பம்ப் உள்ளேயே கிடந்தால் பெற்றோலுக்கு அது முட்டுக்கட்டை. பம்புக்கு முன்னால் ஒரு பில்டர் வேண்டும்.

இனி முக்கியமான விசயம். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது இதுவரை பொக்ஸின் வேலை. எலக்ட்ரிக் பம்பை நேரே சாவியோடு இணைத்தால், கார் கவிழ்ந்து கிடந்தாலும் சாவி ஒனில் இருக்கும்வரை பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கொயிலின் நெகட்டிவில் வரும் துடிப்பைப் பார்த்து ஓடும் ரிலேயை வாங்கிப் போடுங்கள். சாவி போட்டதும் ஓரிரு செக்கன் ஓடும், பிறகு எஞ்சின் சுற்றினால் மட்டும் ஓடும். ஒயில் லைட் சுவிட்சை இதற்குப் பயன்படுத்தச் சொல்வார்கள். சாதாரண ஒயில் லைட் சுவிட்ச் அழுத்தம் இல்லாதபோதுதான் மூடும், அதாவது நேர் எதிராக வேலை செய்யும்.

ரிட்டர்ன் லைனை அடைக்காதீர்கள். பழைய ஈ.எப்.ஐ ரிட்டர்ன் குழாய் அப்படியே டாங்கிவரை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மத்தியான வெயிலில் காத்தான்குடிக் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் கார் அடம்பிடிப்பதற்குக் காரணம் லைனில் கொதித்து ஆவியான பெற்றோல். ரிட்டர்ன் இருந்தால் அந்த ஆவி டாங்கிக்குத் திரும்பும், குளிர்ந்த பெற்றோல் ஓடிக்கொண்டிருக்கும். காபரேட்டருக்குக் கீழே உள்ள தடித்த இன்சுலேட்டரையும் இதே காரணத்துக்காக விட்டுவிடாதீர்கள்.

ஹோஸ் பெற்றோலுக்கென்று விற்பதாகவே இருக்க வேண்டும். ஹாட்வெயார் கடையின் கண்ணாடிபோன்ற தண்ணீர்க் குழாய் சில வாரத்தில் கல்லாக இறுகி வெடிக்கும்.

9. காபரேட்டரும் ஹோஸ்களும்

கிட் போட்டுச் சுத்தம் செய்த காபரேட்டரை இப்போது பூட்டுங்கள். அக்ஸிலரேட்டரை ஒருவர் மிதிக்க, திரொட்டில் முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் தானாக மூடுகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

ஹோஸ்களில் தவறவே கூடாதது பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஒருவழி வால்வோடு, மேனிபோல்ட்டின் பெரிய முனைக்கு. இது இல்லாமல் கல்லடிப் பாலத்துக்குக்கூடக் காரை எடுக்காதீர்கள். அடுத்தது பி.சி.வி., எஞ்சினின் அடியில் சேரும் புகையை மேனிபோல்ட்டுக்கு இழுக்கும் ஹோஸ். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் ஹோஸ், திரொட்டில் தகட்டுக்குச் சற்று மேலே உள்ள முனைக்குப் போக வேண்டும். ஐடிலில் அந்த முனையில் இழுவை இருக்காது, கொஞ்சம் மிதித்ததும் வரும். மிச்சமான முனைகள் எல்லாவற்றையும் ரப்பர் மூடியால் அடையுங்கள்.

காபரேட்டரின் பக்கத்தில் வயரோடு ஒரு சின்ன சொலனாய்டு திருகியிருக்கும். சாவி ஒப் ஆனதும் ஐடில் பெற்றோலை அடைப்பது அது. அதற்குச் சாவியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் “டிக்” என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த வயரைக் கொடுக்க மறந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், மிதித்தால் நிற்காது, காலை எடுத்தால் உடனே செத்துவிடும். முழுக் காபரேட்டரையும் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவியும் பலன் இல்லை என்று வருகிற கார்களில் நான் முதலில் காது வைப்பது இந்த “டிக்” சத்தத்துக்குத்தான்.

ஏ.சி. உள்ள கார் என்றால், காபரேட்டரில் ஐடிலைத் தூக்கும் டயபிராமும் அதற்கான வாக்குவம் சுவிட்சும் இணைபட வேண்டும்.

10. முதல் ஸ்டார்ட்

ஒயில் பாருங்கள், தண்ணீர் நிரப்புங்கள். பற்றரியைப் பூட்டுங்கள். பம்பை மட்டும் ஓடவிட்டு எல்லா மூட்டுகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காபரேட்டரின் சின்னக் கண்ணாடியில் பெற்றோல் மட்டம் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டே போனால் நீடிலோ புளோட்டோ சரியில்லை.

எயார் கிளீனரை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டைமிங் தப்பிப் பின்வெடித்தால் அந்தச் சுவாலை கிளீனருக்குள்ளேயே அடங்கும். திறந்த காபரேட்டரில் கையால் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. புருவம் கருகிய பாஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

11. டியூன்

எஞ்சின் சூடாகி பேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகுதான் டியூன். குளிர்ந்த எஞ்சினில் சோக் மூடியிருக்கும், நீங்கள் திருகுவது எல்லாம் பொய்யாகும்.

முதலில் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் முன்பு சொன்ன அளவைப் பிடியுங்கள். மெதுவாக மிதித்தால் கோடு முன்னோக்கி நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. ஹோஸைத் திரும்பப் பூட்டுங்கள்.

அடுத்து ஐடிலில் பெற்றோல் கலக்கும் அளவைத் திருத்தும் மிக்ஸர் ஸ்குரூ. மெல்ல உள்ளே திருகி நிறுத்தி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடில் ஸ்குரூவால் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். வாக்குவம் கேஜை மேனிபோல்ட்டில் இணைத்து, முள் அதிகம் ஏறும் இடம்வரை மிக்ஸர் ஸ்குரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். சுற்று கூடியிருக்கும், ஐடிலை மறுபடி இறக்குங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்தால் ஓர் இடத்தில் நிலைக்கும். நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்துக்குள் ஆடாமல் நிற்கும். ஆடினாலோ தாழ்ந்து நின்றாலோ எங்கேயோ காற்று இழுக்கிறது. கஸ்கட் ஓரங்களில் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள், எஞ்சினின் சத்தம் மாறும் இடமே ஓட்டை. காபரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சினில் இதற்காக அடிக்க வேண்டாம், அது தீப்பிடிக்கும்.

பிறகு ரோட்டுக்கு. ஐடிலில் நன்றாக இருப்பது ஜெட் சரி என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஏ4 வீதியில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, எஞ்சினை நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். இளம் கபிலம் நல்லது. கறுத்துக் கரி படிந்தால் பெற்றோல் அதிகம். வெள்ளையாக வெளிறினால் குறைவு, இதுதான் வால்வை எரிக்கும், ஆகவே ஓட்டுவதை நிறுத்தி ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள்.

புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் உள்ள காரில் பெற்றோல் அதிகமாக ஓடவிடக்கூடாது. எரியாத பெற்றோல் அதற்குள் போய் எரிந்து அதைச் செக்கச் சிவக்கச் சுட வைக்கும். அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வீதியோரம் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அப்படியான காரை அதன் மேல் நிறுத்தாதீர்கள்.

12. புகைப் பரிசோதனையும் தாள்களும்

எஞ்சின் நம்பர் மாறவில்லை, ஆனாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவித்துவிடுங்கள். எஞ்சினையே மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். காலக்கெடு முடிகிற கிழமையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பரிசோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே போங்கள், வரிசையில் நின்று ஆறிப்போனால் சோக் மறுபடி கொஞ்சம் மூடிக்கொள்ளும். எயார் பில்டர் புதிதாக இருக்கட்டும். ஐடிலில் விழுந்தால் மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள். சுற்று கூட்டிப் பார்க்கும்போது விழுந்தால் ஸ்குரூவால் பயன் இல்லை, ஜெட்டையும் புளோட் மட்டத்தையும்தான் பார்க்க வேண்டும்.

500 கிலோமீற்றர் ஓடியதும் மேனிபோல்ட் நட்டுகளையும் காபரேட்டர் நட்டுகளையும் ஆறிய எஞ்சினில் இன்னொரு முறை இறுக்குங்கள், புதுக் கஸ்கட் அமர்ந்து தளர்ந்திருக்கும். செங்கலடியால் பதுளைக்கோ, அங்கிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கோ ஏறினால், மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெற்றோல் அதிகமாகும், இழுவை குறையும், ஐடில் கனக்கும். ஈ.எப்.ஐ இதைத் தானாகச் சரிசெய்தது, காபரேட்டர் செய்யாது. அங்கே நின்று ஸ்குரூவைத் திருப்பினால், கீழே இறங்கியதும் எஞ்சின் பெற்றோல் குறைவில் ஓடும். பயணம் இரண்டு நாள்தான் என்றால் கியரை ஒன்று குறைத்து ஏறிவிட்டு, திருப்பாமலே திரும்பி வாருங்கள்.